கேள்வி ஞானத்தில் குழல்: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். புல்லாங்குழல் நானாகப் பழகியது. மீசை முளைக்கும் முன் தொடங்கி, பேரன் எடுத்த பிறகும் ஊதிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்தவரை பதில்.

ஐயா, ஒரு வாரமாக ஊதுகிறேன். வெறும் காற்றுதான் வருகிறது. குழல் கோளாறா?

விரல் துளைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. எல்லாம் திறந்தே இருக்கட்டும். கீழுதடு ஊதுதுளையைக் கொஞ்சம் மூட, காற்று எதிர்விளிம்பில் போய் மோத வேண்டும். குழலை மெல்ல உருட்டிப் பாருங்கள், ஓரிடத்தில் சட்டென்று நாதம் பிடிக்கும். தலை சுற்றினால் தேவைக்கு மேல் ஊதுகிறீர்கள். திருவிழாக் கடைக் குழல் என்றால் குழலையும் சந்தேகப்படலாம்.

எந்தக் குழல் வாங்குவது?

கர்நாடக இசைக்கு ஊதுதுளை போக எட்டுத் துளை உள்ளது. ஆறு துளை என்றால் இந்துஸ்தானி இசைக்கான பன்சுரி, அது வேறு விரல் கணக்கு. நீளம் கூடினால் சுருதி இறங்கும், விரலும் அகல விரிய வேண்டும். கட்டை என்பது சுருதியின் அளவு; ஐந்து கட்டைக் குழல் கைக்கு அடக்கம்.

குரு இல்லாமல் முடியுமா அண்ணா? மாலியே தானாகக் கற்றவர் என்கிறார்களே?

மாலி என்கிற புல்லாங்குழல் வித்வான் டி. ஆர். மகாலிங்கம் எங்கள் பக்கத்துத் திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்தவர். ஏழு வயதில் மயிலாப்பூரில் கச்சேரி செய்துவிட்டார். குழலை அவராகத்தான் பிடித்தார், உண்மை. ஆனால் வீட்டில் மாமா வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு காதில் ஏறியிருந்தது, விரலுக்குத்தான் வழி கண்டுபிடித்தார். இதை விட்டுவிட்டு மாலியை உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

எனக்கு வாய்த்தது டீக்கடை ரேடியோவில் திருச்சி நிலையம். கேட்டதை வாயில் முணுமுணுத்து, அது சரியாக வந்த பிறகே குழலில் தேடுவேன். பாட வராத சங்கதி, அதாவது பாட்டு வரியின் நெளிவு சுளிவு, குழலிலும் வராது.

இன்னொன்று. சரளி வரிசை என்கிற முதல் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது புரந்தரதாசர் வகுத்த வழி. குரலுக்கு நல்லது. குழலிலோ அந்த ராகத்தின் சுத்த ரிஷபம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் என்கிற மூன்று சுரங்களுக்கும் துளையைப் பாதி மூட வேண்டும். தனியாகப் பழகுகிறவர் அங்கேயே வெறுத்துவிடுவார். துளைகளை முழுதாக மூடித் திறந்தாலே அரிகாம்போதி ராகம் கிடைக்கிறது. அதில் சரளியைப் பழகிவிட்டு அப்புறம் மாயாமாளவகௌளைக்கு வாருங்கள். ஆசிரியர் கிடைத்தால் மாதம் ஒருமுறையாவது காட்டுங்கள். கை கோணலாகப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

வேலை செய்து காய்த்த விரல் குழலுக்கு ஆகுமா?

செப்புக் கம்பி இழுத்து இழுத்து என் ஆள்காட்டி விரல் நுனி கட்டை மாதிரி ஆகிவிட்டது. நுனியால் மூடினால் காற்று கசிந்து ‘கீச்’ என்னும். நுனியை விட்டு, மெத்தென்ற சதைப் பகுதியைத் துளைமேல் வையுங்கள். ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

எனக்கு வயது 58. வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்குங்கள் அம்மா. சிரிக்கட்டும். ஆனால் தம்பூரா சுருதி போட்டுக்கொண்டு வாசியுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பக்கம் நியாயம் போய்விடும்.

மேடை ஏறாததில் வருத்தம் உண்டா சார்?

கிடையாது. மார்கழியில் எங்கள் தெருப் பஜனை உண்டு, அதுவே போதும். அங்கேயும் வேடிக்கைதான்: விடியற்காலைக் குளிரில் குழல் சுருதி இறங்கும், ஹார்மோனியம் இறங்காது. சட்டைக்குள் குழலை வைத்துச் சூடேற்றிக்கொண்டே நடப்பேன். நாலு பாட்டு போன பிறகுதான் இரண்டும் சேரும்.

குழலில் கீறல் விட்டுவிட்டது. தூக்கிப் போடுவதா?

மயிரிழைக் கீறல் என்றால் நூலை இறுக்கிச் சுற்றுங்கள். துளை வரை ஓடியிருந்தால் வேறு வாங்க வேண்டியதுதான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.