பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் சரியாக மாறவில்லை என்றால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. சூடேறியதும் கியர் மாறும்போது வண்டி உலுக்குவதாகவும், சில நாட்களில் சிக்னலில் நின்று கிளம்பும்போது கனத்துப்போய் நகர மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்னை ராயபுரத்தில் நான் ஓட்டும் 2010ஆம் ஆண்டு ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக்கிலும் இவை அப்படியே இருந்தன. முதலில் காட்டிய பணிமனையில், கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு காட்டும் கோலை உருவிக்கூடப் பார்க்காமல், கியர்பாக்ஸ் பெட்டியை இறக்க வேண்டும் அல்லது பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கிப் போட வேண்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். என் வண்டியில், நன்றாக ஓட்டிச் சூடேறிய பின் சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் வைத்து, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்த பிறகு பார்ப்பார்கள் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டைப் பின்பற்றுங்கள். அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அழுத்தம் இறங்கி, கியரைப் பிடித்து வைக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும். இன்ஜின் இரையும், இழுவை இருக்காது.

கோலை வெள்ளைத் துணியில் துடைத்து நிறத்தையும் கவனியுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் பிளேட் கருகியிருக்கிறது. ரோஸ் மில்க் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இதை அவசியம் பாருங்கள், ஏனெனில் பிளேட்டின் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

என் ஆயில் சற்றுக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். கனத்துப்போய்க் கிளம்பியதற்குக் காரணம் வேறு: மின்கோளாறு தெரிந்தால் கியர்பாக்ஸின் கணினி, பெட்டியைக் காப்பதற்காக வண்டியை மூன்றாம் கியரிலேயே வைத்துவிடும்; நின்ற வண்டி அந்தக் கியரில் கிளம்பத் திணறும். கோளாறுகளை வாசிக்கும் ஸ்கேனரில் பி0700 என்ற குறியீடு மட்டும் வந்தால் அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கியர்பாக்ஸ் கணினியில் வேறு குறியீடு பதிந்திருக்கிறது என்பதே அதன் பொருள், அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கு அது, கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் சுழற்சியின் வேகத்தை அளக்கும் வெளியீட்டு வேக சென்சாரைக் காட்டியது. அதன் கனெக்டரைக் கழற்றியபோது ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்காற்றில் தெருவோரம் நிற்கும் வண்டிக்கு இது எளிதில் வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சிறு பிரஷ்ஷால் தேய்த்த பிறகு அந்தக் கோளாறு திரும்பவில்லை.

ஆயிலையும் மாற்றினேன். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே போகும் வண்டியில், இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் சூட்டில் ஆயில் சீக்கிரம் கெடும். வடித்தால் ஏறக்குறைய பாதிதான் இறங்கும் என்பதால், என் வண்டிக்கான எஸ்பி-3 ரக ஆயிலை ஊற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினேன். உலுக்கல் பெரிதும் அடங்கியது. லீவரை டி-யில் போடும்போது மட்டும் மிஞ்சியிருந்த 'டொக்'குக்குக் கிழிந்துபோன இன்ஜின் மவுண்ட் ரப்பர்தான் காரணம்.

வடிக்கும்போது, ஆயிலில் வரும் உலோகத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் மெல்லிய கரும்பொடி ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். உலோகச் சில்லுகள் இருந்தாலோ, அளவு சரியாக இருந்தும் ரிவர்ஸ் பிடிக்காவிட்டாலோ பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அப்போதும், எந்த வண்டியில் எப்படிச் சூடேறியது என்றே தெரியாத பழைய பெட்டியை வாங்குவதைவிட உங்கள் பெட்டியையே பிரித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.