பை போனால் குப்பை போகுமா?

சென்ற இதழில் கடைகளில் பிளாஸ்டிக் பையைத் தடை செய்வது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பையைத் தாண்டி வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள்ளேயே போய்விட்டன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

சகோதரிக்கு, என் வீட்டுக் குப்பையில் கேரி பேக்கின் எடை ஒன்றுமே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு சட்டம், அபராதம் என்று ஏன் இவ்வளவு பாடு? பெரிய குப்பையை விட்டுவிட்டுச் சின்னதைத் துரத்துகிறோமோ என்று தோன்றுகிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

எடையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஐயா. போன ஆண்டு ஒரு மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் குப்பையைத் தனித்தனியாகக் கட்டி, தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சமையலறையின் ஈரக் கழிவு. பைகளை மட்டும் தனியாக மாட்டியபோது முள் அசையவே இல்லை.

ஆனால் பையின் கெடுதலைத் தராசு காட்டாது. அது இலேசானது, காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும், கிழிந்தாலும் மக்காது. வங்கதேசத்தில் 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களின்போது, வடிகால்களைப் பாலிதீன் பைகள் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வடியாமல் நின்றது பெரிய பேச்சானது. 2002-இல் அந்த நாடுதான் உலகிலேயே முதலில் மெல்லிய பாலிதீன் பைகளைத் தடை செய்தது. கடலில் மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமைகள் விழுங்குகின்றன. மறுசுழற்சிக் கூடத்திலும் இதே தொல்லைதான். குப்பையைப் பிரிக்கும் இயந்திரத்தின் சுழலும் தண்டுகளில் பைகள் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும்.

தடையால் பயன் உண்டா என்ற சந்தேகமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் கடற்கரை, ஆற்றங்கரைகளைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்தபோது எழுதிவைத்த கணக்குகள் பல்லாயிரம் உண்டு. அவற்றை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2025-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. பைக்குத் தடையோ கட்டணமோ வந்த பகுதிகளில், பொறுக்கிய குப்பையில் பையின் பங்கு மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் 25 முதல் 47 சதவீதம் வரை குறைவு. முழுக்க ஒழியவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குறைவு. எனக்கு அது போதும்.

அக்கா, முன்பெல்லாம் கடையில் தரும் பையைத்தான் குப்பைத் தொட்டிக்குள் போடுவேன். இப்போது அதற்கென்று பிளாஸ்டிக் பை விலைக்கு வாங்குகிறேன். அப்படியானால் என்ன மிச்சம்? (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

உங்களைப் போலவே ஏராளமானவர்கள் செய்திருக்கிறார்கள், அம்மா. கலிஃபோர்னியாவில் ஊர் ஊராகப் பைத்தடை வந்த காலத்தை ஆராய்ந்த ஒரு பொருளியல் ஆய்வு 2019-இல் வெளியானது. கடைப் பைகளில் 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் குறைந்தது. ஆனால் குப்பைப் பைகளின் விற்பனை கூடியதால் அதில் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு திரும்ப வந்துவிட்டது. அதாவது, மிச்சம் இருக்கிறது, நினைத்த அளவுக்கு இல்லை.

தொட்டிக்குள் பை எதற்கு என்று நான் ஒருநாள் யோசித்தேன். ஈரம் அடியில் ஒட்டாமல் இருக்கத்தான். காகிதமும் அட்டையும் போடும் தொட்டிக்கு அது தேவையே இல்லை. ஈரத்தைத் தனியாக ஒரு மூடிபோட்ட சின்ன வாளியில் போட ஆரம்பித்தோம். அடியில் பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்துப் போட்டுவிடுவேன். தினமும் காலியாக்கி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். உலர்ந்த குப்பைக்குப் பழைய அட்டைப் பெட்டி. பை வாங்குவது அந்த வாரமே நின்றது.

உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் மட்டும் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். சானிட்டரி நாப்கினும் தனியாகச் சுற்றியே போக வேண்டும். முடிச்சுப் போட்ட பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே கையை விடுகிறவர் ஒரு மனிதர். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

ஒரு துணிப்பையை 7,000 தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பையைவிட நல்லது என்று படித்தேன். அப்படியானால் துணிப்பை ஏமாற்று வேலையா, அக்கா? (கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. ஆனால் நீங்கள் படித்த எண் பொய்யும் இல்லை. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறைக்காக 2018-இல் செய்த ஆய்வில் வருவது அது. சாதாரணப் பருத்திப் பைக்கு 7,100 தடவை. எதை வைத்து அந்த எண் என்று பாருங்கள். நீர், ஓசோன், நஞ்சு, காலநிலை என்று பல பாதிப்புகளைக் கணக்கிட்டு, அதில் எது மிக மோசமோ அதை வைத்துச் சொன்னது. காலநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் அதே ஆய்வில் அதே பைக்கு 52 தடவைதான். வாரம் ஒருமுறை கடைக்குப் போனால் ஒரு வருடம். இன்னொன்று, தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பை செய்கிற கெடுதல் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆனாலும் அந்த ஆய்வு என்னைத் திருத்தியது. விழாக்களிலும் கூட்டங்களிலும் கொடுத்த துணிப்பைகள் எங்கள் அலமாரியில் ஒரு கட்டு கிடந்தன. பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரிந்தபிறகு, யாராவது புதுத் துணிப்பை நீட்டினால் 'வேண்டாம், இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறேன். இருக்கிற பையைக் கிழியும்வரை, கிழிந்தால் தைத்து, பயன்படுத்துங்கள். வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பிளாஸ்டிக் பையையும் தடை என்றவுடன் தூக்கிப் போடாதீர்கள். கைப்பிடியோடு வரும் இந்தப் பையை 1960-களில் வடிவமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் துலின். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். ஒருமுறை பிடித்துவிட்டுப் போடுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

'மக்கும் பை' என்று அச்சிட்டுத் தருகிறார்களே, அதை நம்பலாமா?

அச்சை மட்டும் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் மூழ்கவைத்தும் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. 'உயிரியல் முறையில் சிதையும்' என்று எழுதியிருந்த பை மூன்று ஆண்டுக்குப் பிறகும் கடைச் சாமானைத் தாங்கியது. 'உரமாகும்' என்ற பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது, மண்ணில் 27 மாதம் ஆகியும் இருந்தது, பாரம்தான் தாங்கவில்லை. உரமாகும் பைகளில் பலவும் பெரிய உரக்கூடத்தின் சூட்டில்தான் ஒழுங்காகச் சிதையும். வீட்டு வாளியில் அந்தச் சூடு வராது.

வீட்டில் நான் மட்டும்தான் குப்பையைப் பிரிக்கிறேன். கணவரும் மாமனாரும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுகிறார்கள். சொன்னால் சண்டை வருகிறது. என்ன செய்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டு நிலவரமும் நெடுநாள் இதுவேதான்.

என் மாமனார் கணக்கு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். சுத்தத்தில் மிகக் கறாரான மனிதர். அதனால்தான் பிரச்சினையே வந்தது. குப்பை என்றால் கண்ணில் படாமல் உடனே வெளியே போக வேண்டும், அதைப் பார்ப்பதும் தொடுவதும் நம் வேலை இல்லை என்பது அவருடைய பழக்கம். நான் இரண்டு தொட்டி வைத்தேன், நிறம் மாற்றினேன், மேலே எழுதி ஒட்டினேன். அவர் அருகில் இருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆறு மாதம் நான் பேசிய பேச்சால் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் இறுக்கம்தான் மிஞ்சியது.

அப்புறம் ஒருநாள், தராசு வைத்து எழுதிய கணக்கில் எனக்குக் குழப்பம் வந்தது. நிஜமாகவே உதவி வேண்டித்தான் நோட்டை அவரிடம் கொடுத்தேன். 'மாமா, உலர்ந்த குப்பையில் தினமும் என்னென்ன விழுகிறது என்று நீங்கள் குறித்து வைப்பீர்களா?' என்றேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். கோடு போட்டு, தேதி எழுதி, பத்தி பிரித்துவிட்டார். குறிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டுமானால் கலக்காமல் இருக்க வேண்டும். மூன்றாம் நாளே, ஈரத்தை உலர்ந்த தொட்டியில் யார் போட்டது என்று அவர் எங்களைக் கேட்டார். இரண்டு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து, 'இந்தச் சின்னச் சின்னப் பாக்கெட்தான் முக்கால்வாசி. பெரிதாக ஒன்று வாங்கிச் சில்வரில் கொட்டி வைத்தால் என்ன?' என்றார். அதை நான் ஒரு தடவைகூட அவரிடம் சொன்னதில்லை. குப்பை தொட்டியில் ஆரம்பிப்பதில்லை, கடையில் ஆரம்பிக்கிறது என்று அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

உங்கள் வீட்டுக்கு நோட்டு பொருந்தாமல் போகலாம். ஆனால் போடுகிறவர் வேறு, காலி செய்கிறவர் வேறு என்று இருக்கும்வரை எதுவும் மாறாது. சண்டையை விட்டுவிட்டு வேலையைப் பங்கு பிரியுங்கள். உலர்ந்த தொட்டியைக் காலி செய்வது இன்னாருடையது, ஈர வாளி இன்னாருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்த குப்பையைத் தன் கையால் ஒருமுறை பிரித்தவர் மறுபடி கலக்க யோசிப்பார். ஜப்பானில் கமிகட்சு என்ற சிற்றூரில் குப்பை வண்டியே வீட்டுக்கு வராது. மக்களே மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். 2003-இல் 'குப்பையில்லா ஊர்' என்று அறிவித்த அந்த ஊரில் 80 சதவீதம் அளவுக்கு மறுசுழற்சி ஆகிறது. நாம் நாற்பது வரை போக வேண்டாம், இரண்டில் ஆரம்பிக்கலாம்.

ஈரக் கழிவை வாளியில் போட்டு உரமாக்கப் பார்த்தேன். நாற்றம் தாங்காமல் விட்டுவிட்டேன்.

எனக்கும் முதல் தடவை புழு வைத்து, வாளியோடு தூக்கிப்போட வேண்டி வந்தது. தப்பு எங்கே என்றால், காய்கறித் தோலை மட்டும் போட்டு இறுக்கி மூடிவிட்டேன். காற்று இல்லாமல் அழுகினால்தான் அந்த நாற்றம். குப்பைக் கிடங்கிலும் நடப்பது இதுவே. அங்கே காற்றுப் புகாமல் புதைந்த ஈரக் கழிவு மீத்தேனை வெளிவிடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் துளை போடுங்கள். ஒரு கை ஈரத்துக்கு இரண்டு கை உலர்ந்தது: சருகு, கிழித்த அட்டை, மரத்தூள், எது கிடைத்தாலும். வாரம் இருமுறை கிளறுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் சரி. சொட்டினால் சருகு சேருங்கள், காய்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். அந்த வாசனை வந்த நாளில் நான் எல்லோரையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன்.

தடைச் சட்டம் நல்லதா, பைக்குக் காசு வாங்குவது நல்லதா?

அயர்லாந்து 2002 மார்ச்சில் பைக்கு வரி போட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்று இருந்த பை 21 ஆக இறங்கியது. கென்யா 2017-இல் சிறை, பெரும் அபராதம் என்று கடுமையாகத் தடை போட்டது. வங்கதேசம் முதலில் தடை செய்த நாடாக இருந்தும் கண்காணிப்பு தளர்ந்து பைகள் சந்தைக்குத் திரும்பின. 2024-இல் மறுபடி இறுக்க வேண்டி வந்தது. கலிஃபோர்னியா தடை செய்தபோது 'தடித்த பையென்றால் தரலாம், அதைத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று ஒரு வழி விட்டது. மக்கள் தடித்த பையையும் ஒரே தடவையில் எறிந்தார்கள். 2024-இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், ஓட்டை இல்லாத சட்டமும் வேண்டும், கேட்டால் மட்டும், காசுக்கு மட்டும் பை என்ற வழக்கமும் வேண்டும். 'பை வேணுமா?' என்ற கேள்வி காதில் விழும் அந்த ஒரு நொடி பெரிய வேலை செய்கிறது.

எல்லாம் சரி, பையை எடுக்க மறந்துவிடுகிறேனே!

பை அலமாரிக்குள் இருந்தால் மறக்கத்தான் செய்வோம். வாசல் கதவின் உள்பக்கம், சாவி மாட்டும் இடத்திலேயே பைக்கும் ஒரு ஆணி அடியுங்கள். திரும்பி வந்ததும் சாமானை எடுத்து வைத்த கையோடு, வேறு வேலைக்குப் போகும் முன், பை அந்த ஆணிக்குப் போய்விட வேண்டும். கைப்பையிலும் வண்டியிலும் மடித்த பை ஒன்று எப்போதும் கிடக்கட்டும். அப்படியும் மறந்த ஒருநாள் நான் சாமானைக் கையிலும் இடுக்கிலும் அணைத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன். அதற்குப் பிறகு மறக்கவில்லை. உங்கள் வீட்டில் ஆணியை எங்கே அடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் சேர்க்கிறேன்.