மிளகாய்ச் செடியில் வலை: எந்தப் பேன், என்ன மருந்து?

கேள்வி: குரோம்பேட்டையில் மொட்டை மாடியில் தொட்டிகளில் மிளகாய் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து இலையெல்லாம் வெளுத்த புள்ளி, கிளை நுனியில் ஒட்டடை மாதிரி வலை. இரண்டு செடிகளில் வலை இல்லை, ஆனால் கொழுந்து சுருண்டு நிற்கிறது. வேப்ப எண்ணெய் இரண்டு தடவை அடித்தும் போகவில்லையே?

பதில்: உங்கள் மாடியில் இரண்டு வேறு பேன்கள் இருக்க வாய்ப்பு அதிகம். பேன் என்பது பூச்சியல்ல, சிலந்தி இனத்துச் சிற்றுயிர். வலை கட்டுவது செஞ்சிலந்திப் பேன். கொழுந்தைச் சுருட்டும் மஞ்சள் முரணைச் சிலந்தி வலையே கட்டாது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புள்ளி விழுந்த இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மிளகாய்த் தூள் போல விழுந்தவை ஒரு நிமிடத்தில் நகர ஆரம்பித்தால் செஞ்சிலந்திதான். மஞ்சள் முரணை கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். லென்ஸ் இல்லாவிட்டால் இலையைப் பாருங்கள். ஓரம் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகு போல இருந்து, காம்பும் நீண்டிருந்தால் முரணை. மேல்நோக்கிச் சுருண்டால் அது இலைப்பேனின் (த்ரிப்ஸ்) வேலை. பெயரில் பேன் இருந்தாலும் அது பூச்சி. இலை மஞ்சளடித்து, சிறுத்து, செடியே குட்டையாகிப் போனால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள்.

இனி வலைக்கு. வலை அடர்ந்த நுனிகளை வெட்டி பாலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். பிறகு தொட்டியைச் சாய்த்து, குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிப் பேன் இதிலேயே போய்விடும். வலை கிழியாமல் மேலே மருந்தடித்தால் துளிகள் வலையிலேயே தங்கிவிடும். உங்கள் எண்ணெய் பலிக்காததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், எண்ணெய் கலங்காமல் மேலே மிதக்கும். ஆர்.ஓ. கழிவு நீர் அதைவிட மோசம். குடிநீரே எடுங்கள்.

ஒரு லிட்டருக்கு காதி சோப் சீவல் 2 கிராம். வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, 5 மி.லி. வேப்ப எண்ணெயை ஊற்றிப் பால்போல வெளுக்கும்வரை குலுக்கி, பிறகு மீதித் தண்ணீர். அன்றே தீர்த்துவிட வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம், இலை கருகும். முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். அடிப்பது வெயில் தாழ்ந்த பிறகு, அடிப்பக்கம் சொட்டும்வரை. முட்டையை இது முழுதாகக் கொல்லாது. சென்னை வெயிலில் முட்டை பெரிய பேனாக ஒரு வாரமே போதும். அதனால் 5 நாள் இடைவெளியில் குறைந்தது 4 தடவை. இரண்டோடு நிறுத்தினால் பொரித்தவை மறுபடி கிளம்பும்.

முரணை பிடித்த செடிகளில் கொழுந்தை மூன்று நான்கு அங்குலம் வெட்டிவிட்டு அதே கரைசலை அடியுங்கள். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் நன்றாகக் கேட்கும். ஆனால் இந்தக் கத்திரி வெயிலில் இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் ஆகாது. கார்த்திகை, மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் ஸ்பைரோமெசிஃபென் 22.9 எஸ்.சி. என்ற பேன் கொல்லி, லிட்டருக்கு 0.8 மி.லி., சிரிஞ்சில் அளந்து, கையுறை, முகக்கவசத்தோடு. அதன்பின் ஒரு வாரம் காய் பறிக்கக் கூடாது. லேபிளில் அதிக நாள் போட்டிருந்தால் அதுவே கணக்கு.

மருந்துக் கடையில் 'பூச்சி' என்று மட்டும் சொன்னால் இமிடாகுளோபிரிட் கொடுத்துவிடுவார்கள். வாங்காதீர்கள். பேனுக்குப் பூச்சி மருந்து கேட்காது. சில சமயம் பேன் பெருகவும் செய்யும்.

பழைய இலையின் புள்ளியும் சுருக்கமும் மாறாது, புதுக் கொழுந்தை வைத்துத்தான் கணக்கு. பக்கத்துத் தொட்டிகளில் கத்தரி, வெண்டை, ரோஜா இருந்தால் அவற்றின் அடி இலையையும் திருப்பிப் பாருங்கள்.