தளம் "கொஞ்சம் மெத்தென்று" இருக்குமாம்: 2,800 டொலர் போட்டை வாங்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "17 அடி ஃபைபர் போட் ஒன்று பார்த்திருக்கிறேன். 1994ஆம் ஆண்டுப் போட். 3.0 லீட்டர் மெர்குரூசர் என்ஜின், ஸ்டெர்ன்ட்ரைவ். ட்ரெயிலரோடு 2,800 டொலர் சொல்கிறார். மூன்று வருடமாகத் தண்ணீரில் இறக்கவில்லையாம். 'நல்லா ஓடின போட், பற்றறி மாத்தினால் ஸ்டார்ட் வரும், தளம் மட்டும் ஒரு இடத்தில கொஞ்சம் மெத்தென்று இருக்கும்' என்கிறார். எனக்குக் கார் வேலை ஓரளவு தெரியும். 13 வயது மகனையும் சேர்த்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் திருத்தி, அடுத்த கோடையில் சிம்கோ ஏரியில் ஓட ஆசை. வாங்கலாமா?"

விற்பவர் சொன்னதில் எனக்கு உறுத்துவது என்ஜின் இல்லை, அந்த "கொஞ்சம் மெத்தென்று" தான். பழைய போட் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்ஜின் மூடியைத் திறந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். கார் வேலை தெரிந்தவர்கள் இன்னும் கூடுதலாக. என்ஜினைக் கழற்றி வேறொன்று போடலாம். போட்டுக்குள்ளே இருக்கும் மரம் உக்கிப்போனால் நீங்கள் வாங்குவது போட் அல்ல, ஒரு போட்டின் தோல்.

ஃபைபர் போட்டுக்குள் மரம் எங்கே வந்தது? அந்தக் காலத்துப் போட்களில் பெரும்பாலானவை இப்படித்தான் செய்யப்பட்டன. வெளியே ஃபைபர் ஓடு. அதன் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் நீளச் சட்டங்கள், ஸ்ட்ரிங்கர் என்பார்கள். மேலே பிளைவுட் தளம். பின்னால் டிரான்சம் என்கிற பின்சுவர், அதுவும் தடித்த பிளைவுட். எல்லாவற்றையும் ரெசின் என்ற இறுகும் பசையாலும் ஃபைபர் துணியாலும் மூடி, தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் மிதப்புக்காக ஃபோம் ஊற்றிவிடுவார்கள். புதிதில் நல்ல உறுதி. அப்புறம் கதிரை பூட்டிய திருகாணித் துளை, தண்ணீர் வடிக்கும் பிளக்கின் ஓரம், ட்ரைவுக்காக (என்ஜினின் சுழற்சியை வாங்கி, பின்னால் தண்ணீருக்குள் விசிறியைச் சுற்றும் பகுதி) டிரான்சத்தில் வெட்டிய பெரிய ஓட்டை என்று ஏதோ ஒன்றின் வழியாகத் தண்ணீர் இறங்கும். இறங்கியது வெளியே வர வழியில்லை. இரண்டு பக்கமும் ஃபைபரால் மூடிய பிளைவுட் காயாது. ஊர் வள்ளம் என்றால் உள்ளே திறந்தபடி கிடக்கும், பழுது கண்ணுக்குத் தெரியும், கரையில் இழுத்துவிட்டால் வெயில் பாதி வேலையைப் பார்த்துவிடும். இங்கே தளத்துக்கு மேல் கார்ப்பெட் வேறு ஒட்டியிருப்பார்கள்.

தளத்தில் ஓரிடம் மெத்தென்று இருந்தால், அதன் கீழே ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டது, ஸ்ட்ரிங்கரும் நனைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பார்க்கப் போகவேண்டும். தளம் மட்டும் உக்கி மற்றதெல்லாம் நன்றாக இருந்த போட்டும் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது போட்தான், நீங்கள் நம்பிக்கொண்டு போகக்கூடாது.

ஒரு பிளாஸ்டிக் தலைச் சுத்தியல் கொண்டுபோங்கள். டிரான்சத்தின் மேல் மூலையில் தொடங்கி, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே கீழே வாருங்கள். நல்ல மரம் "டக், டக்" என்று கையைத் திருப்பித் தள்ளும். உக்கியது "பொத்" என்னும், சுத்தியல் அங்கேயே படுத்துவிடும். ட்ரைவைச் சுற்றியும், அடியில் பிளக் இருக்கும் இடத்தைச் சுற்றியும் பொறுமையாகத் தட்டுங்கள், முதலில் போகும் இடம் அதுதான். பிறகு ட்ரைவைக் கீழே இறக்கிய நிலையில் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் பலமாக அசையுங்கள். மகனை டிரான்சத்தில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரைவோடு சேர்ந்து சுவரும் அசைந்தால், கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

சத்தத்தில் சந்தேகம் வந்தால் விற்பவரிடம் அனுமதி கேட்டு, உள்பக்கமாக, டிரான்சத்தின் அடியிலும் என்ஜின் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரிங்கரிலும் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். வெளியே வரும் தூளை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். காய்ந்த, வெளிர் மஞ்சள் தூள் என்றால் நல்லது. கறுப்பாக, பிசுபிசுவென்று, மழையில் கிடந்த பழைய வேலிக் கதியால் வாசத்தோடு வந்தால் விஷயம் முடிந்தது. துளையை எபொக்சி வைத்து அடைத்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. பெரும்பாலானோர் விடமாட்டார்கள், அது அவர்கள் உரிமை. துளைக்க விடாவிட்டால் நிறுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. லொறி நிறுக்கும் தராசில் ட்ரெயிலரோடு ஏற்றி நிறுத்து, ட்ரெயிலரின் எடையைக் கழித்து, போட் கொம்பனி அந்த மொடலுக்குக் கொடுத்த வெற்று எடையோடு ஒப்பிடுங்கள். ஒரு கன அடி ஃபோம் முழுதாக நனைந்தால் கிட்டத்தட்ட 28 கிலோ கூடும். பத்துக் கன அடி என்றால் 280 கிலோ: நாலு பெரிய ஆட்களைத் தளத்துக்கு அடியில் நிரந்தரமாகப் படுக்க வைத்தது போல. டாங்கில் பெற்றோல் கிடந்தால் அதையும் கழிக்க மறக்காதீர்கள்.

சரி, என்ஜின். 3.0 என்பது ஜெனரல் மோட்டர்ஸின் நாலு சிலிண்டர் என்ஜின், எளிமையானது, பாகங்கள் இன்றும் கிடைக்கும். அதைப் பற்றிக் குறை இல்லை. ஆனால் ஏரியில் ஓடும் இவ்வகை என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் காரைப் போல ரேடியேட்டர் கிடையாது. ட்ரைவ் வழியாக ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, பிளொக்கை, அதாவது என்ஜினின் உடலை, சுற்ற வைத்து, எக்ஸோஸ்ட்டோடு வெளியே தள்ளும். ஒக்டோபரில் அந்தத் தண்ணீரை வடிக்காமல் விட்டால் ஜனவரியில் பனிக்கட்டியாகி, கன அளவில் ஒன்பது வீதம் போல விரிந்து, வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். மூன்று வருடம் ஓடவில்லை என்றால் மூன்று குளிர்காலம். முதல் குளிர்காலத்துக்கு முன் யார் வடித்தார்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "நானேதான் செய்தேன்" என்றால் எந்தெந்தப் பிளக்கைக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். பிளொக்கின் பக்கத்தில் ஒன்று, எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில் ஒன்று. செய்தவருக்கு அது கைவிரல் போலத் தெரிந்திருக்கும்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு போட் வாங்கினேன். என்ஜின் பளபளவென்று புதுப் பெயின்ட்டில் இருந்தது, நல்லாய்ப் பராமரித்த மனுசன் என்று நினைத்தேன். குழாய்த் தண்ணீர் பூட்டி வாசலில் ஓடவிட்டதும் அருமையான சத்தம். ஸ்கூகொக் ஏரியில் இறக்கி இருபது நிமிடம் ஓடியதும் ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் இல்லை, பால் தேத்தண்ணி. வீட்டுக்குக் கொண்டுவந்து பெயின்ட்டைச் சுரண்டினேன். பிளொக்கின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு, அதன் மேல் புட்டி, அதன் மேல் பெயின்ட். அன்றிலிருந்து புதுப் பெயின்ட் அடித்த பழைய என்ஜினைக் கண்டால் கை தானாகவே சட்டைப் பையில் இருக்கும் டோர்ச்சுக்குப் போகிறது.

ஆகவே நீங்கள் போவதற்கு முன் என்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜினில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் அமுக்கம், பாருங்கள்: நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் போதும், தனி எண்ணைவிட இந்த ஒற்றுமைதான் முக்கியம். ட்ரைவின் அடித் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி நாலு சொட்டு கியர் ஒயில் எடுங்கள். அதிலும் பால் தேத்தண்ணி வந்தால் சீல் போயிருக்கிறது, உள்ளே துருவும் இருக்கலாம். இரும்புத் துகள் மினுங்கினால் கியரே தேய்கிறது. பிறகு ட்ரைவுக்கும் டிரான்சத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பெலோஸை, அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கும் மடிப்புக் குழாயை, கையால் மடித்துப் பாருங்கள். கறுத்து வெடித்திருந்தால் விலையில் குறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது கிழிந்தால் முதலில் உள்ளே இருக்கும் பெயரிங் போகும், கவனிக்காமல் கட்டிவைத்தால் போட் நின்ற இடத்திலேயே தாழும்.

கார் வேலை தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஒரேயொரு இடத்தில் அது ஆபத்து. ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர், கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை காருக்கு உள்ளதைப் போலவே இருக்கும், கார்ப் பாகங்களின் விலையும் பாதிதான். வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் அது கீழே இறங்கித் தெருவோடு போய்விடும், போட்டில் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். போட்டுக்கான பாகங்கள் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை, கார்ப் பாகங்கள் அப்படி இல்லை. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை நாலு நிமிடம் ஓடவிடும் பழக்கத்தையும் மகனுக்கு முதல் நாளே பழக்குங்கள். மூன்று வருடப் பெற்றோலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் முயற்சி செய்யவும் வேண்டாம், டாங்கைக் காலி செய்து குழாய்களை மாற்றிவிட்டுத்தான்.

இப்போது நேரம். ஸ்ட்ரிங்கர், தளம், டிரான்சம் மூன்றும் போயிருந்தால் என் கைக்கணக்கில் 150 முதல் 200 மணித்தியாலம். சனி ஞாயிறு இரண்டு நாளும் நாலு மணித்தியாலம் செய்தாலும் அரை வருடம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். பொலியெஸ்டர் ரெசின் இறுக 15 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். சூடில்லாத கராஜில் அது மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைதான். ஏரியில் ஓடுவதும் அதே மாதங்கள்தான். சிம்கோவில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் ஃபைபர் தூள் அரிக்க, கிரைண்டரோடு நிற்பீர்கள். 13 வயதுப் பையன் முதல் சனிக்கிழமை ஆசையாக வருவான். மூன்றாவது சனிக்கிழமை அவனுக்கு சொக்கர் விளையாட்டு இருக்கும்.

கடதாசி விஷயம் சுருக்கமாக. டிரான்சத்தின் வலதுபக்க மேல் ஓரத்தில் 12 எழுத்து எண்களில் ஓட்டின் அடையாள இலக்கம் இருக்கும், கடைசி இரண்டு எண்கள் மொடல் வருடம். அது 94 என்று இருக்கிறதா, விற்பவரின் லைசன்ஸ் கடதாசியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட என்ஜின் உள்ள போட்டுக்கு லைசன்ஸ் இலக்கம் கட்டாயம். ட்ரெயிலருக்குத் தனி உரிமைப் பத்திரம் உண்டு, அதுவும் அவர் பெயரில் இருக்கவேண்டும். போட்டின் மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்று ஒன்டாரியோவின் பதிவேட்டில் தேடிவிடுங்கள், கடன் போட்டோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடலாம். என்ஜின் உள்ள எந்தப் போட்டை ஓட்டவும் உங்களுக்கு ஒப்பரேட்டர் கார்ட் (போட் ஓட்டும் தகுதி அட்டை) வேண்டும். கார்ட் இருந்தாலும் 13 வயதில் உங்கள் மேற்பார்வை இல்லாமல் 40 குதிரைவலுவுக்கு மேல் ஓட்ட முடியாது, இந்த என்ஜின் அதைப் போல மூன்று மடங்கு. ட்ரெயிலர் ரயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ரயரின் பூ தேயாமல் நன்றாக இருந்தாலும் அந்த வயது ரயரோடு நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம்.

வாங்கலாமா என்றால், 2,800க்கு வேண்டாம். டிரான்சமும் ஸ்ட்ரிங்கரும் காய்ந்திருந்து, கொம்பிரஷன் சமமாக இருந்து, தளத்தில் மட்டும் ஒரு துண்டு உக்கியிருந்தால் 1,500 வரை போகலாம். அது ஒரு கோடையின் வேலை, மகனோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலையும்கூட. டிரான்சம் போயிருந்தால் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள். உக்கிய ஃபைபர் போட்டை யாரும் வந்து கொண்டுபோகமாட்டார்கள். நீங்களே துண்டு துண்டாக வெட்டி, குப்பைக்கு நிறை கணக்கில் காசு கட்டவேண்டி வரும்.

உங்கள் உண்மையான ஆசை மகனோடு ஏரியில் நிற்பது என்றால், என் இடத்திலிருந்து பார்க்க 14 அல்லது 16 அடி அலுமினியப் போட், பின்னால் 15 அல்லது 20 குதிரைவலு அவுட்போர்ட், அதாவது வெளியே மாட்டும் என்ஜின். அதிலும் டிரான்சப் பலகை உக்கும், ஆனால் மாற்றுவது ஒரு சனிக்கிழமை வேலை. ரிவெட் ஒழுகினால் தண்ணீர் நிரப்பி ட்ரெயிலரில் வைத்தாலே எங்கே என்று தெரியும். அவுட்போர்ட்டை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், குளிர்காலத்தில் வெடிக்கும் பயம் குறைவு. பழுதானால் இரண்டு பேர் கழற்றிக் கராஜுக்குள் கொண்டுபோய், ஜனவரியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு திருத்தலாம். அந்த வேலைக்கு ரெசினும் வேண்டாம், கோடையும் வேண்டாம்.

எப்படியும் இந்தச் சனிக்கிழமை அந்த 17 அடியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. சுத்தியலை அவனிடம் கொடுங்கள், காதுக்கு உங்களைவிட வயது குறைவு. விற்பவர் துளை போட விடவில்லை, நிறுக்கவும் விடவில்லை என்றால் விலை பேசத் தொடங்கவே வேண்டாம். திரும்பி வரும் வழியில் டிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.