சாயம் கலந்த வெயில் கிரீம்: கேள்வி பதில்

ஒப்பனைப் பொருள் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவள் நான், ஊர் பண்டாரவளை. கிரீமுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எந்தக் கடை, என்ன விலை என்று கேட்காதீர்கள். வீட்டில் கலக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஹட்டன்: அக்கா, மினரல் கிரீம் பூசினால் முகத்தில் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. அதை மறைக்கத்தான் சாயமா?

அது பாதி வேலைதான், தங்கச்சி. மினரல் கிரீமில் உள்ள துத்தநாக ஒக்சைடும் டைட்டேனியம் டைஒக்சைடும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி, முக்கியமாக நீல ஒளி, அவற்றிடமிருந்து பெரும்பாலும் தப்பிவிடும். நம் போன்ற நிறத்தில் மங்கு கறுப்பதற்கு அந்த ஒளியும் காரணம். அதை உறிஞ்சுபவை இரும்பு ஒக்சைட்கள். பெட்டியில் சி.ஐ. என்ற நிறமி எண்களில் 77491, 77492, 77499 என்று தேடுங்கள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இந்த மூன்றையும் கூட்டிக் குறைத்துத்தான் தோல் நிறத்தைக் கொண்டுவருகிறோம்.

நிறம் பொருந்தாவிட்டால் கை தானாகவே சிக்கனம் பிடிக்கும். எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண்ணை அளக்கும்போது சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்குங்கள். பொட்டு வைப்பது போல் தொட்டுக்கொண்டால் பெட்டியில் போட்ட எஸ்.பி.எஃப். 50 உங்கள் முகத்தில் இருக்காது.

நுவரெலியா: பாதி நாள் பனிமூட்டம். எங்களுக்கு எதற்கு இது?

குளிர் வேறு, கதிர் வேறு. 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நீங்கள் ஏறத்தாழ 1,900 மீற்றரில் இருக்கிறீர்கள். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது.

பதுளை: இந்தத் துகள்கள் கண்ணாடி போலக் கதிரைத் திருப்பி அனுப்புமாமே?

திருப்புவது சொற்பம். பெரும்பகுதியை உறிஞ்சி வெப்பமாக்குகின்றன.

கண்டி: துத்தநாகத் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால்?

முதல் வரியிலேயே சொன்னேன். தூள் திரளும், திரளுக்குத் திரள் நடுவே வெறுந்தோல். ஆலையில் துகளுக்கு சிலிக்கா, சிலிக்கோன் போன்றவற்றால் உறை போட்டு, திரளை உடைத்து, சீராகப் பரப்புகிறோம். உரலும் கரண்டியும் அதைச் செய்யாது.

தலவாக்கலை: கலமைன் லோஷனிலும் துத்தநாக ஒக்சைட், இரும்பு ஒக்சைட் இரண்டும் உண்டே. பாமசியில் மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஏன் இந்தச் செலவு?

அண்ணா, இன்றைக்கு வந்த நல்ல கேள்வி இதுதான். கலமைனின் இளஞ்சிவப்பு இரும்பு ஒக்சைடால் வந்ததுதான். ஆனால் போத்தலை அசையாமல் வைத்துப் பாருங்கள்: தூள் அடியில், தண்ணீர் மேலே. தோலிலும் காய்ந்தால் திட்டுத் திட்டாகும், வியர்த்தால் வழியும். அரிப்புக்குச் செய்த மருந்து அது.

தலவாக்கலை: குலுக்கிப் பூசினால்? எங்கள் அம்மா கொழுந்து மலைக்கு ஒன்றும் பூசாமல்தான் போனார்.

தலையில் துணி போட்டுத்தானே போனார்? அந்தத் துணியை நான் கலமைனுக்கு மேலாக மதிப்பேன். குலுக்கினாலும் எத்தனை எஸ்.பி.எஃப். என்று யாரும் அளந்து அச்சிட்டுத் தரவில்லை, அண்ணா.

மாத்தளை: அரிசி மாவில் துத்தநாகத் தூள் கலந்தால்?

கண்டிக்குச் சொன்ன பதில்.

வெலிமடை: நான்கு மாதக் குழந்தைக்குப் பூசலாமா?

வேண்டாம். நிழல், தொப்பி, முழுக்கைச் சட்டை.

தலவாக்கலை: கலமைனுக்கு மேல் பவுடர் போட்டால் திட்டு மறையுமல்லவா?

திட்டு மறையும், அண்ணா. வெயில் மறையாது.