இன்சிக்னியா ஒருமையா, பன்மையா?

கேள்வி: தாத்தாவின் ராணுவத் தொப்பிச் சின்னம், தோள்பட்டைச் சின்னங்கள், மெடல்கள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பட்டியல் போடுகிறேன். ஒற்றைச் சின்னத்துக்கு ‘இன்சிக்னியா’ என்று எழுதியிருந்தேன். அது பன்மை, ஒருமை ‘இன்சிக்னி’ என்கிறார் நண்பர். மாற்றிவிடவா?

பதில்: லத்தீன் இலக்கணப்படி நண்பர் சொல்வது சரி. ஆனாலும் மாற்ற வேண்டாம்.

லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் குறி, அடையாளம். அதிலிருந்து ‘இன்சிக்னிஸ்’, அதாவது ஓர் அடையாளத்தால் தனித்துத் தெரிவது. பதவியையோ மரியாதையையோ காட்டும் பொருள் ‘இன்சிக்னே’. அதன் பன்மைதான் இன்சிக்னியா. இந்த ஒருமையை ஆங்கிலத்தில் ‘இன்சிக்னி’ என்று உச்சரிப்பார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் இருக்கிறது, ஆனால் பேச்சில் கேட்பது அபூர்வம். உங்கள் பட்டியலில் அதைப் பார்க்கிறவர் கடைசி எழுத்து அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

இன்சிக்னியாவையே ஒருமையாகவும் எழுதுவது இன்று ஏற்கப்பட்ட வழக்கு. அமெரிக்க ராணுவத்தில் சட்டைக் கையில் தைக்கும் ஒரே ஒரு துணிச் சின்னத்துக்கும் அதிகாரபூர்வப் பெயர் ‘ஷோல்டர் ஸ்லீவ் இன்சிக்னியா’தான். இது ஒன்றும் புதுப் பழக்கமும் இல்லை. இதே லத்தீன் பன்மை பழைய பிரெஞ்சில் ‘என்செய்ன்’ என்ற ஒருமைச் சொல்லாகிவிட்டது. கப்பல் கொடியைக் குறிக்கும் ஆங்கில ‘என்சைன்’ அங்கிருந்து வந்ததுதான். ‘அஜெண்டா’வும் லத்தீனில் பன்மையே, அதை யாரும் திருத்துவதாகக் காணோம்!

ஒருமை பன்மையை விட, எதை இன்சிக்னியா என்கிறோம் என்பதில் கவனம் வையுங்கள். இங்கிலாந்தில் 1348-இல் தொடங்கிய, மன்னர் வழங்கும் உயரிய கௌரவமான கார்ட்டர் விருதை (ஆர்டர் ஆஃப் த கார்ட்டர்) எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து மாலை, மார்பு நட்சத்திரம், நீலப் பட்டை, அதில் தொங்கும் பதக்கம், காலில் கட்டும் வார் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விருதின் இன்சிக்னியா. ‘பேட்ஜ்’ என்பது அந்தத் தொகுப்பில் ஒரு உருப்படி.

அதனால் தொப்பியில் குத்தும் சின்னத்துக்கு ‘கேப் பேட்ஜ்’ போதும். தோள்பட்டை நட்சத்திரங்களுக்கு ‘பேட்ஜஸ் ஆஃப் ரேங்க்’ என்பது பிரிட்டிஷ், இந்திய ராணுவங்களின் சொந்த வழக்கு. ‘ரேங்க் இன்சிக்னியா’ என்றாலும் தவறில்லை. ‘இன்சிக்னியாஸ்’ சில அகராதிகளில் உண்டு என்றாலும் எனக்குக் காதில் உறுத்துகிறது, தவிர்த்துவிடுங்கள். மெடலை மெடல் என்றே எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. தோள்பட்டைச் சின்னத்தில் கிரீடம் இருக்கிறதா, அசோகச் சிங்கமா என்பதையும் பட்டியலில் குறியுங்கள். 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானபோது இந்திய ராணுவத்தில் கிரீடத்தின் இடத்துக்குச் சிங்கம் வந்தது. ஆகவே கிரீடம் உள்ளவை அதற்கு முந்தைய சேவைக் காலத்துக்கு உரியவை.