அகலம் ஒன்றுதான், எடை ஏன் வேறு?

கேள்வி: ஒரே அளவில் இரண்டு களி நண்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஓட்டின் அகலம் 12 செ.மீ. ஆனால் ஒன்று 340 கிராம், மற்றது 250 கிராம். கடைக்காரர் தராசில் ஏதாவது செய்துவிட்டாரா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தராசைச் சந்தேகப்பட வேண்டாம் அம்மா. பழவேற்காட்டில் பதினெட்டு வருடம் நண்டு தரம் பிரித்தவன் நான். ஒரே அகலத்தில் இந்த வித்தியாசம் சாதாரணமாக வரும்.

முதலில் நண்டைத் திருப்பிப் போடுங்கள். வயிற்றில் மடிந்திருக்கும் மூடி குறுகலாக இருந்தால் ஆண், அகன்று அரைவட்டமாக இருந்தால் பெண். வளர்ந்த ஆணுக்குக் கொடுக்கு பெரிது, எடையில் பெரும்பங்கு அதிலேயே இருக்கும். ஒரு கொடுக்கு உடைந்து சின்னதாக மறுபடி முளைத்திருந்தால் எடை சட்டென்று இறங்கிவிடும். ஸ்கேலுக்கு அது தெரியாது.

இரண்டும் ஆண், கொடுக்கும் முழுசு என்றால், ஒன்று தண்ணி நண்டாக, அதாவது ஓட்டுக்குள் இன்னும் சதை பிடிக்காத நண்டாக இருக்கும். வளர வேண்டுமானால் நண்டு பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெருக்கிக்கொள்ளும். புது ஓடு அந்தப் பெரிய அளவிலேயே இறுகிவிடும். உள்ளே சதை பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் அதைப் பிடித்து விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. குட்டையில் விட்டு, கழிவு மீனைப் போட்டு மூன்று நான்கு வாரம் தேற்றினால், அகலம் அப்படியே இருக்க எடை மட்டும் ஏறும். அதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

சதை பிடித்த நண்டுகளுக்குள் மட்டும்தான் அகலத்தை வைத்து எடையைக் கணிக்கலாம். நண்டு அகலத்தில் மட்டுமா வளர்கிறது? நீளம், தடிமன் எல்லாம் சேர்ந்தே வளரும். அதனால் 10 செ.மீ. நண்டு 12 செ.மீ. ஆக வளர்ந்தால், அகலம் கூடுவது 20 சதவீதம்தான், எடையோ 70 சதவீதம் போல ஏறும். எப்போதும் ஒரு சுற்று பெரிய நண்டாக எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த முறை கடைசிக் காலுக்குப் பக்கத்தில், அடி ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம். அடிப்பக்கம் வெள்ளைவெளேர் என்று பளபளத்தாலும் வேண்டாம். பழுப்பேறிக் கறை படிந்திருப்பதை எடுங்கள். அப்புறம், கட்டியிருக்கும் கயிறு ஈரமும் சேறுமாகத் தடித்திருந்தால் அதுவும் எடைதான், கவனியுங்கள்.

உங்கள் 250 கிராம் நண்டைச் சமைத்தபோது, காலை உடைத்ததும் சதைக்குப் பதில் தண்ணீர் ஒழுகியதா? அப்படியானால் அது தண்ணி நண்டேதான்.